தெளிந்த தண்ணீர்

ஆனைமலையில் எங்கள் தோட்டத்துக் கிணறு டீ நிறத்துக்கு மாறிய வருடம் நான் பெங்களூரில் வேலையில் இருந்தேன். பெரியப்பா போனில் சொன்னபோது அவர் குரலில் பெரிய பதற்றம் இல்லை. "பக்கத்துக் களத்துல பித்து கழுவுறாங்கல்ல, அந்தத் தண்ணி எறங்கிருச்சு. ரெண்டு மழ பேஞ்சா தெளிஞ்சுக்கும் கண்ணு." அடுத்த முறை ஊருக்குப் போனபோது ஒரு வாளி சேந்திப் பார்த்தேன். பால் ஊற்றாத டீ போல இருந்தது. ஊறிய தேங்காய் மட்டையின் வாசம் வேறு.

அந்தக் களத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நாகரிகம் கருதி மட்டும் அல்ல. எங்கள் மரத்து மட்டையும் அங்கேதான் போகிறது. அந்தப் பணத்தில்தான் என் கல்லூரிக் கட்டணத்தில் இரண்டு செமஸ்டர் கட்டப்பட்டது. இந்தக் கட்டுரையில் குற்றவாளிக் கூண்டு ஒன்று தேவைப்பட்டால் அதில் நாங்களும் கொஞ்சம் தள்ளி நிற்கவேண்டி வரும்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விளக்கம். தேங்காய் மட்டையை மில்லில் அடித்தால் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் நார் கிடைக்கும். மீதி பழுப்பு நிறத் தூள். இதைத்தான் காயர் பித், பித்து என்கிறோம். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் பொள்ளாச்சியைச் சுற்றிய சாலையோரங்களில் இது குன்று குன்றாகக் கிடக்கும். மழை பெய்தால் பழுப்பு ஓடை, வெயிலில் எங்காவது புகையும். யாரும் வாங்காத குப்பை. பிறகு ஐரோப்பாவிலும் கொரியாவிலும் கண்ணாடிக் கூடாரத்துக்குள் தக்காளி, ஸ்ட்ராபெரி வளர்ப்பவர்கள் மண்ணுக்குப் பதிலாக இதைக் கேட்க ஆரம்பித்தார்கள். தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கும் பொருள், சதுப்புநிலக் கரியை வெட்டாமல் கிடைக்கிறது. குப்பைக்கு விலை வந்தது.

ஆனால் ஒரு நிபந்தனை. பித்தில் இயல்பாகவே உப்பு உண்டு, முக்கியமாகப் பொட்டாசியமும் குளோரைடும். ஸ்ட்ராபெரிச் செடிக்கு அது ஆகாது. அதனால் ஏற்றுமதிக்காரர்கள் 'லோ ஈ.சி.' கேட்பார்கள். ஈ.சி. என்பது மின்கடத்துதிறன், கரைந்த உப்பின் அளவைக் காட்டும் எண். அது 0.5-க்குக் கீழே வரும்வரை நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவவேண்டும். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய்க் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைப்பார்கள். கழுவி, காயவைத்து, ஐந்து கிலோ கட்டியாக அழுத்தி, கண்டெய்னரில் ஏற்றினால் உப்பில்லாத பித்து நெதர்லாந்துக்குப் போகும். உப்பு ஆனைமலையில் இறங்கிக்கொள்ளும். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-இல் தென்னை நார்த் தொழிலை வெள்ளைப் பிரிவிலிருந்து ஆரஞ்சுப் பிரிவுக்கு மாற்றியபோது ஊரில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. 'இது இயற்கைப் பொருள், இதிலென்ன மாசு?' என்பதுதான் வாதம். பெரியப்பா சொன்னதும் கிட்டத்தட்ட அதே வாதம்தான்.

அதை முதலில் நான் விவசாயியின் மெத்தனம் என்று நினைத்தேன். பிறகு படிக்கப் படிக்க, அந்த ஒரு வாக்கியத்துக்கு அமெரிக்காவில் ஒரு முழு வரலாறே இருப்பது தெரிந்தது.

1979 ஆகஸ்ட் 20 அன்று மினசோட்டா மாநிலத்தில் பெமிட்ஜி என்ற ஊருக்கு அருகே கச்சா எண்ணெய்க் குழாய் ஒன்று வெடித்தது. ஏறத்தாழ 17 லட்சம் லிட்டர் கொட்டியது. அள்ளியதும் எரித்ததும் போக, நான்கு லட்சம் லிட்டர் அளவுக்கு மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 1983 முதல் அந்த இடத்தையே ஒரு திறந்தவெளி ஆய்வுக்கூடமாக வைத்துக்கொண்டது. நிலத்தடி நீர் நகரும் வேகத்துக்கு பென்சீன் வெகுதூரம் போயிருக்கவேண்டும். போகவில்லை. வழியிலேயே நுண்ணுயிர்கள் அதைத் தின்றுகொண்டிருந்தன. ஆக்சிஜன் தீர்ந்த பிறகும் அவை நிறுத்தவில்லை. மண்ணில் இருக்கும் இரும்புத் துருவை ஆக்சிஜனுக்குப் பதிலாகப் பயன்படுத்திச் சுவாசித்தன. இதைச் சொன்ன ஆய்வுக் கட்டுரை 1989-இல் நேச்சர் இதழில் வந்தது.

இதற்குப் பிறகு காற்று மாறியது. 1995-இல் கலிபோர்னியாவில் பெட்ரோல் பங்குகளின் கசியும் நிலத்தடித் தொட்டிகளை ஆராய்ந்தவர்கள், பெரும்பாலான இடங்களில் பென்சீன் சில நூறு அடிக்கு மேல் பரவுவதில்லை என்றார்கள். கோடிக்கணக்கில் செலவழித்து பம்ப் வைத்து இறைத்துச் சுத்தம் செய்வானேன், இயற்கையே செய்கிறதே என்ற பேச்சு வந்தது. நிறுவனங்களுக்கு இந்த வாதம் எவ்வளவு இனித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1999 ஏப்ரலில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு வழிகாட்டு நெறியை வெளியிட்டது. இயற்கையின் போக்கில் விடலாம், ஆனால் அது 'சும்மா இருத்தல்' ஆகாது. மாசு ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது என்று கிணற்று அளவுகள் காட்டவேண்டும். ஏன் குறைகிறது என்று நீரின் வேதியியல் காட்டவேண்டும். அதுவும் போதாத இடத்தில் அந்த மண்ணையும் நீரையும் ஆய்வுக்கூடத்தில் வைத்து, நுண்ணுயிர் உண்மையில் தின்கிறதா என்று பார்க்கவேண்டும். அடுத்த ஆண்டே அந்நாட்டின் தேசிய ஆராய்ச்சிக் கழகம் இன்னும் கறாராகச் சொன்னது: நம்பிக்கையோடு இயற்கையிடம் விடக்கூடிய மாசுகளின் பட்டியல் மிகச் சிறியது. சில பொருட்கள் சிதைந்தால் முன்பைவிட மோசமான பொருளாகும். உலோகம் கழுவப் பயன்படும் டிரைகுளோரோஎத்திலீன் நிலத்தடியில் சிதையும்போது இடையில் உருவாகும் வினைல் குளோரைடு புற்றுநோய் தரும்.

'ரெண்டு மழை பேஞ்சா தெளிஞ்சுக்கும்' என்பது ஒரு கருதுகோள். அதைச் சோதிக்கமுடியும். பெரியப்பாவோ களத்துக்காரரோ சோதிக்கவில்லை, அவ்வளவுதான்.

எப்படிச் சோதிப்பது என்பதில்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. கிணற்றில் ஒரு பொருளின் அளவு பாதியாகிவிட்டது என்று வையுங்கள். அது அழிந்ததா, அல்லது நல்ல தண்ணீர் கலந்து நீர்த்துப்போனதா? எண்ணை மட்டும் பார்த்தால் தெரியாது. 1982 ஆகஸ்டில் கனடாவின் போர்டன் ராணுவ முகாமில் ஸ்டான்ஃபோர்டு, வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மணல் நிலத்துக்குள் 12 கன மீட்டர் தண்ணீரைச் செலுத்தினார்கள். அதில் ஐந்து கரிமப் பொருட்களும், கூடவே குளோரைடும் புரோமைடும். ஆயிரக்கணக்கான புள்ளிகளில் குழாய் இறக்கி, அந்தத் தண்ணீர்க் கட்டி நிலத்துக்குள் நகர்வதை மாதக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். குளோரைடு எதற்கு? அதற்கு எதுவுமே நடக்காது என்பதற்காக. நுண்ணுயிர் தின்னாது, மண்ணில் ஒட்டாது, காற்றில் போகாது. தண்ணீர் போகும் இடமெல்லாம் கூடவே போகும். குளோரைடு பாதியானால் நீர்த்துப்போனது பாதி என்று அர்த்தம். அதே நேரத்தில் இன்னொரு பொருள் பத்தில் ஒன்றாகியிருந்தால் மீதியை வேறெதுவோ எடுத்துக்கொண்டது. இரண்டும் ஒரே அளவில் குறைந்தால் இயற்கை ஒன்றும் செய்யவில்லை, மழைதான் பெய்திருக்கிறது.

ஆய்வாளர்கள் எதுவுமே நடக்காது என்பதற்காகத் தேடித் தேர்ந்தெடுத்த அந்தப் பொருள்தான் கொங்கு நாட்டு நிலத்தடியில் நாம் டன் கணக்கில் கொட்டியது.

நொய்யலின் கதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் உப்பின் பக்கமிருந்து ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம். 1956-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் பருத்தி நூலோடு வேதிப்பிணைப்பில் ஒட்டிக்கொள்ளும் ரியாக்டிவ் சாயங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. துவைத்தாலும் போகாத நிறம். ஆனால் தண்ணீரில் பருத்தியும் எதிர் மின்னூட்டம் கொண்டது, சாயமும் எதிர் மின்னூட்டம் கொண்டது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். அந்த விலக்கத்தை அடக்கிச் சாயத்தைத் துணிமேல் தள்ளுவதற்கு உப்பு வேண்டும், சாயக் குளியலில் லிட்டருக்கு 30 முதல் 80 கிராம் வரை. வேலை முடிந்ததும் அந்த உப்பில் ஒரு கிராம்கூட பனியனில் தங்காது. மொத்தமும் வெளியே வரும். எண்பதுகளில் திருப்பூரின் ஏற்றுமதி எழுந்தபோது இந்த உப்பும் எழுந்தது. 1980 முதல் இருபது ஆண்டுகளில் நொய்யல் படுகையில் சேர்ந்த கரைந்த உப்பு இருபது லட்சம் டன்னுக்கு மேல் என்று சென்னைப் பொருளியல் பள்ளியின் ஆய்வு ஒன்று கணக்கிட்டது.

சாயத்தையும் சும்மா விட்டுவிட முடியாது. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் அசோ சாயங்களின் பிணைப்பை நுண்ணுயிர்கள் உடைக்கும். நிறம் போய்விடும். நிறம் போன இடத்தில் அரோமாட்டிக் அமீன்கள் பிறக்கும், அவற்றில் சில நிறத்தைவிட ஆபத்தானவை. அப்படிப்பட்ட அமீன்களைத் தரும் சாயங்களை 1994-இல் ஜெர்மனி துணிகளில் தடை செய்தது. உடுத்துபவரின் தோலுக்காக வந்த தடை அது. திருப்பூரின் கால்வாய்க்கு அதன் பலன் வந்து சேர்ந்தது பக்கவிளைவாகத்தான்.

சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் திறக்கப்பட்டது. கரூர் வரை பாசனம் என்பது திட்டம். சில ஆண்டுகளுக்குள் கீழ்மடை விவசாயிகள் 'எங்களுக்கு அந்தத் தண்ணி வேண்டாம்' என்று வழக்குப் போட்டார்கள். தண்ணீர் விடு என்று போராடும் மாநிலத்தில், தண்ணீர் விடாதே என்று வழக்கு. திறக்கவும் முடியாமல், வைத்திருக்கவும் முடியாமல், சாயக்கழிவு அணையில் தேங்கியது. தேங்கிய தண்ணீர் சும்மா நிற்குமா? சுற்றுவட்டாரக் கிணறுகளில் இறங்கியது. நிலத்தடிக்கு நீரூட்ட வேண்டும் என்று நாம் குட்டை வெட்டுவோமே, அந்த வேலையை உப்புத் தண்ணீருக்கு அணையே செய்துகொடுத்தது.

அதற்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்திருந்தன. அவை நிறத்தை எடுத்தன, அழுகும் பொருட்களை எடுத்தன. உப்பை எடுக்கவில்லை. வெளியே வந்த தண்ணீர் பார்வைக்கு நன்றாகவே இருந்தது, வாயில் வைத்தால் கரித்தது. கண்ணுக்குத் தெரிந்த மாசை நீக்கியதால் தெரியாத மாசு இன்னும் பத்தாண்டு வசதியாக ஓடியது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சூழல் இழப்பீட்டு ஆணையம் 2004-இல் விவசாயிகளுக்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் தொடுத்த வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவே வெளியேறக்கூடாது என்ற நிலைக்கு வந்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அப்போதும் நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று சாயப் பட்டறைகளை மூட உத்தரவு வந்தது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரேயடியாக நின்றன. எத்தனை குடும்பங்கள் அந்த மாதம் சம்பளமில்லாமல் ஊர் திரும்பின என்பது வேறு கட்டுரை. பிறகு சவ்வூடு பரவல், ஆவியாக்கும் கொப்பரை எல்லாம் வைத்து உப்பைப் பிரித்தெடுக்கும் ஆலைகளோடு தொழில் மீண்டது.

ஏற்கனவே இறங்கிய உப்பு? அதற்கு ஆலை கிடையாது. அந்த உப்பைச் சிதைக்க எந்த நுண்ணுயிரும் வராது. மழைதான் கழுவவேண்டும். நொய்யலின் நடுப்பகுதியோ மழை மறைவுப் பிரதேசம். விவசாயி உப்புக் கிணற்றிலிருந்து இறைத்துப் பாய்ச்ச, தண்ணீர் ஆவியாக, உப்பு மண்ணில் நிற்க, அடுத்த மழை அதை மறுபடி கிணற்றுக்கே கொண்டுபோகும். ஒரு சுழல். இதற்கும் 'இயற்கையாகச் சரியாகிவிடும்' என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம்.

இன்னொரு சிக்கலையும் சொல்லவேண்டும். பெமிட்ஜியும் போர்டனும் மணல் நிலங்கள். தண்ணீர் சீராக நகரும், வரைபடம் போடலாம். நம் ஊர் அடியில் இருப்பது கெட்டியான நைஸ் பாறை. மேலே சில பத்து அடி சிதைந்த பாறை, அதற்குக் கீழே வெடிப்புகள். தண்ணீர் எந்த வெடிப்பில் போகும் என்பது குலதெய்வத்துக்குத்தான் வெளிச்சம். நூறடி தள்ளியிருக்கும் கிணறு நன்றாக இருக்கும், அரை மைல் தள்ளிய போர்வெல் கெட்டுப்போகும். அதனால் அவர்கள் சூத்திரங்களை அப்படியே எடுத்துப்போட முடியாது. ஆனால் குளோரைடு என்ற சாட்சி மணலிலும் பாறையிலும் ஒரே வாக்குமூலம்தான் தரும்.

அந்தத் தைரியத்தில் எங்கள் கிணற்றில் ஆரம்பித்தேன். பேனா அளவு டி.டி.எஸ். மீட்டர் ஒன்று, சில்வர் நைட்ரேட் சொட்டுவிடும் குளோரைடு சோதனைப் பெட்டி ஒன்று. களத்துக்கு மேற்கே மேட்டில் இருக்கும் ஒரு கிணறு ஒப்பீட்டுக்கு, பிறகு எங்கள் கிணறு, அதற்கும் கீழே ஆற்றுப்பக்கம் சித்தப்பா கிணறு. மென்பொருள் வேலையில் பதினைந்து வருடம் பிழை தேடிய பழக்கத்துக்கு இது ஒன்றும் புதிதல்ல என்று நினைத்தேன். முதல் நாளே அடி. மஞ்சள் செங்கல் நிறத்துக்கு மாறும் கணத்தில் சொட்டு எண்ணுவதை நிறுத்தவேண்டும். தண்ணீரே டீ நிறத்தில் இருந்தால் எந்த மாற்றத்தைப் பார்ப்பது? கரித்தூளில் வடிகட்டி நிறத்தை எடுத்த பிறகுதான் எண்ணமுடிந்தது. நிறத்துக்குத் தனிக் கணக்கு: வெள்ளைத்தாள் முன்னால் கண்ணாடித் தம்ளரை வைத்து, மேட்டுக்கிணற்றுத் தண்ணீர்போலத் தெளியும்வரை வாலை வடிநீர் எத்தனை பங்கு சேர்க்கிறேன் என்று குறித்துக்கொள்வேன். பேராசிரியர்கள் சிரிப்பார்கள். மாதம் ஒருமுறை வார இறுதியில், ஒரு வருடத்துக்கு மேல் செய்தேன்.

முதல் தகவல் சோதனைப் பெட்டியிலிருந்து வரவில்லை. பெரியம்மா சொன்னார்: இறைக்கும்போது வெளுப்பாக இருக்கும் தண்ணீர் குடத்தில் ராத்திரி நின்றால் கறுக்கிறது. எனக்குச் சட்டென்று பிடிபட்டது. அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சுவார்கள். கடுக்காயில் டானின், அன்னபேதியில் இரும்பு. எழுதும்போது வெளிறியிருக்கும் எழுத்து காற்றுப் பட்டுக் கறுக்கும். பித்தின் பழுப்பும் டானின்தான். நிலத்தடி நுண்ணுயிர்கள் டானினைத் தின்று, ஆக்சிஜன் தீர்ந்து, பெமிட்ஜியில் போலவே பாறையின் இரும்பைச் சுவாசிக்க ஆரம்பித்திருந்தன. கரைந்த அந்த இரும்பும் மிச்ச டானினும் சேர்ந்து பெரியம்மாவின் குடத்தில் மை காய்ச்சிக்கொண்டிருந்தன. சொட்டுநீர்க் குழாய்களின் வாயில் படிந்த ஆரஞ்சு வழவழப்பும் அதன் தடயமே.

ஆக, பெரியப்பா சொன்னது பாதி உண்மை. சித்தப்பா கிணற்றுக்கு வருவதற்குள் நிறம் ஏறக்குறைய இல்லை. குளோரைடு அவ்வளவு குறையவில்லை. அப்படியென்றால் பழுப்பு நிஜமாகவே சிதைகிறது. தென்மேற்குப் பருவமழையிலும், ஆழியாறு பழைய ஆயக்கட்டு வாய்க்கால்களில் நெல்லுக்குத் தண்ணீர் ஓடியபோதும் இரண்டும் சேர்ந்தே இறங்கின. அது வெறும் நீர்த்தல். சித்திரையில் குளோரைடு மட்டும் பழைய இடத்துக்குத் திரும்பி வந்தது, நிறம் வரவில்லை. கண்ணாடி போன்ற தண்ணீர். மீட்டரில் மட்டும் ஏறின எண்.

தம்ளரைத் தூக்கி வெயிலில் காட்டிப் பெரியப்பா ஒரு மிடறு குடித்தார். "நாந்தான் சொன்னனல்ல?"

மீட்டரைக் காட்டினேன். அவர் அசரவில்லை. "பொட்டாசும் உப்பும்தான? தென்னைக்கு நாம காசு குடுத்து வாங்கி வெக்கறதுதான." இதற்கு எனக்கு உடனடிப் பதில் இல்லை, ஏனென்றால் அது உண்மை. தென்னைக்குப் பொட்டாசியம் குளோரைடு வைப்பார்கள், சோற்றுப்பு வைப்பவர்களும் உண்டு. குளோரைடை விரும்பும் அபூர்வ மரம் அது. தென்னந்தோப்பு ஊரில் இந்த மாசு இவ்வளவு காலம் பேச்சாகாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நெல்லோ கத்தரியோ முன்னாலேயே வாடிக் காட்டியிருக்கும்.

உள்ளேயிருந்து பெரியம்மாதான் குரல் கொடுத்தார். "அப்ப ஏனுங் ரெண்டு வருசமா பருப்பு வேக மாட்டேங்குது?"

இதையும் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். இறங்கும் பொட்டாசியம் களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும்போது, அங்கே ஏற்கனவே ஒட்டியிருந்த கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கழற்றிவிடும். அவை குளோரைடோடு சேர்ந்து கிணற்றுக்கு வரும். தண்ணீர் கடினமாகும். கடினத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது.

எங்கள் ஊர் மாசாணியம்மன் கதையில் ஒரு பெண் ஆற்றில் மிதந்து வந்த மாங்காயை எடுத்துத் தின்றதற்காக நன்னன் என்ற அரசன் அவளைக் கொன்றான். குறுந்தொகையில் பரணர் பாட்டிலும் அந்தக் கொலை வருகிறது. மேலிருந்து தண்ணீர் கொண்டுவருவது யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு இந்த ஊரில் அவ்வளவு பழையது. இப்போது வருவதை யாரும் சொந்தம் கொண்டாடுவதில்லை.

போன தை மாதம் பெரியப்பாவும் நானும் களத்துக்குப் போனோம். கழுவுகிற தண்ணீரை நிலத்தில் விடாமல், தார்ப்பாய் விரித்த தொட்டியில் தேக்கி, தெளிந்ததைத் திரும்பக் கழுவப் பயன்படுத்தி, கடைசியில் மிஞ்சும் உப்பு நீரை வெயிலில் வற்றவிடலாம் என்று ஒரு தாளில் படம் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். களத்துக்காரர் மரியாதையாகக் கேட்டார், காப்பி வரவழைத்தார். நைட்ரேட் போடுவதை முதலில் நிறுத்துவதாகச் சொன்னார். தொட்டிக்கு மட்டும் ஒரு கணக்கு வைத்தார்: மட்டைக்குப் பத்துப் பைசா குறைத்துக்கொண்டால் கட்டிவிடலாம், எங்களுக்கு மட்டுமல்ல, சுற்றி மட்டை போடும் எல்லோருக்கும் அதே விலை.

திரும்பி வரும்போது பெரியப்பா வண்டியில் ஒன்றும் பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும் கேட்டார், "வருசத்துக்கு நம்ம மட்ட எத்தன போகுது, கணக்கு இருக்குதா கண்ணு?"